எதனுடைய கிளை என்று கேளுங்கள்

வாசகர் கேள்வி: ஐயா, டர்பன் சாட்ஸ்வர்த்தில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு நடத்தும் ஆசிரியை நான். செப்டம்பர் 24 மரபு நாளுக்காக எங்கள் பிள்ளைகள் 'நம் நாட்டு மொழிகள்' என்று பெரிய அட்டை ஒன்று தயாரிக்கிறார்கள். மன்றத்துப் பெரியவர் ஒருவர் வரைவைப் பார்த்துவிட்டு, "புஷ்மென் பேசுவதெல்லாம் மொழி இல்லையம்மா, டயலெக்ட். எழுத்து கிடையாது, நூல் கிடையாது, பேசுவதற்கே ஆள் கிடையாது. கொய்சான் என்று ஒரே கட்டத்தில் போட்டுவிடு, போதும்" என்றார். என் மனம் ஒப்பவில்லை. ஆனால் பதில் சொல்லவும் தெரியவில்லை. இதற்கு நடுவில் வகுப்புப் பையன் ஒருவன், "நான் சூலு பேசினால் என் கோசா நண்பனுக்குப் புரிகிறதே டீச்சர், அவை மட்டும் எப்படி இரண்டு மொழி?" என்று கேட்டுவிட்டான். மொழிக்கும் கிளைமொழிக்கும் உண்மையில் என்ன வேறுபாடு? அட்டையில் எப்படி எழுதுவது? நம் தமிழை எங்கே வைப்பது?

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் மனம் ஒப்பாமல் போனது சரிதான். பெரியவர் 'புஷ்மென்' என்று சொல்லும் சான் மக்கள் பேசுபவை மொழிகள். அதுவும் ஒன்றல்ல, பல. அவற்றை ஒரே கட்டத்துக்குள் அடைத்தால் பிள்ளைகளுக்குத் தவறான பாடம் சொன்னதாகிவிடும். இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். பெரியவரிடம் பேசும்போது உங்களுக்குப் பயன்படும்.

கிளைமொழி என்பது தரத்தைக் குறிக்கும் சொல் என்று பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பெரிய இலக்கியம் இருந்தால் மொழி, இல்லாவிட்டால் கிளைமொழி என்பது அவர்கள் கணக்கு. மொழியியலில் அந்தச் சொல் உறவை மட்டுமே குறிக்கிறது. ஒருவரைத் 'தம்பி' என்று அறிமுகப்படுத்தினால் யாருடைய தம்பி என்று கேட்போம் இல்லையா, அதுபோலக் கிளைமொழி என்று சொன்னதும் எதனுடைய கிளை என்று கேட்க வேண்டும். நெல்லை வழக்கு தமிழின் கிளை. கொங்கு வழக்கு தமிழின் கிளை. நேட்டால் கரும்புத் தோட்டங்களில் நம் பாட்டன் பாட்டிமார் பேசிய, வடஆர்க்காட்டுச் சாயல் கொண்ட பேச்சும் தமிழின் கிளைதான். சான் மக்கள் பேச்சு எதனுடைய கிளை? சூலுவுக்கும் அதற்கும் பிறப்பால் எந்த உறவும் இல்லை. கோசாவுக்கும் இல்லை, ஆப்பிரிக்கான்ஸுக்கும் இல்லை. அடிமரத்தைக் காட்ட முடியாதவர் கிளை என்று சொல்ல வழியில்லை.

'கொய்சான்' என்பதே அந்த அடிமரமாக இருக்கலாமே என்று பெரியவர் கேட்கக்கூடும். அங்கேதான் பெரிய குழப்பம் இருக்கிறது. அந்தப் பெயரை 1928இல் லெயோன்ஹார்ட் ஷூல்ட்சே என்ற ஜெர்மானியர் உருவாக்கினார். கால்நடை மேய்த்த கோய் மக்களையும் வேட்டையாடி வாழ்ந்த சான் மக்களையும் உடலமைப்பைக் கொண்டு ஒரே இனமாகக் காட்டுவது அவர் நோக்கம். மொழிக்கு அந்தப் பெயர் பின்னால் வந்து ஒட்டியது. அம்மொழிகள் எல்லாவற்றிலும் சொடுக்கொலிகள் (நாக்கைச் சொடுக்கி எழுப்பும் மெய்யொலிகள்) இருந்ததால் ஒரே குடும்பம் என்று நீண்ட காலம் எண்ணினார்கள். இன்று இத்துறையில் வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் அதை ஏற்பதில்லை. தென்னாப்பிரிக்கா, நமீபியா, போட்ஸ்வானா, அங்கோலா பகுதிகளில் உள்ள இம்மொழிகளை மூன்று தனிக் குடும்பங்களாகப் பிரிக்கிறார்கள்: கோய் குடும்பம், தூ குடும்பம், க்கா குடும்பம். இம்மூன்றுக்கும் பொதுவான மூலமொழி ஒன்று இருந்தது என்று யாராலும் நிறுவ முடியவில்லை. ஒலி ஒற்றுமையை வைத்து உறவு சொல்வதானால், சூலுவையும் கோசாவையும்கூட அதே கட்டத்தில் போட வேண்டியிருக்கும், ஏனென்றால் அவற்றிலும் சொடுக்கொலிகள் உண்டு.

உங்கள் பிள்ளைகளுக்கு இதைக் கண்ணால் பார்ப்பதுபோல் விளக்க ஓர் ஊர் இருக்கிறது. கிம்பர்லிக்குப் பக்கத்தில் பிளாட்ஃபோன்டேன். அங்கே குங், க்வே என்ற இரண்டு சமூகங்கள் அடுத்தடுத்து வாழ்கின்றன. இரு சமூகங்களின் வேர்களும் அங்கோலாவிலும் நமீபியாவிலும் உள்ளவை. தென்னாப்பிரிக்க ராணுவம் எல்லைப் போரில் இவர்களுடைய ஆண்களைத் தடம் பார்ப்பவர்களாகவும் சிப்பாய்களாகவும் சேர்த்துக்கொண்டது. 1990இல் நமீபியா விடுதலை பெற்றபோது அவர்களைக் குடும்பத்தோடு இங்கே கொண்டுவந்து ஸ்மிட்ஸ்டிரிஃப்டில் கூடாரங்களில் குடியமர்த்தினார்கள். பல ஆண்டுகள் கழித்துத்தான் பிளாட்ஃபோன்டேனில் வீடு கிடைத்தது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டு பேருமே 'புஷ்மென்'. ஆனால் குங் மொழி க்கா குடும்பத்தைச் சேர்ந்தது. க்வே மொழி கோய் குடும்பத்தைச் சேர்ந்தது. தமிழுக்கும் இந்திக்கும் எப்படிப் பிறப்புறவு இல்லையோ அப்படியே இவற்றுக்கும் இல்லை. க்வே மொழியின் உண்மையான உறவினர், பக்கத்துத் தெருக் குங் அல்ல. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி, ஆரஞ்சு ஆற்றங்கரையில் ஆடு மேய்த்தவர்களின் நாமா மொழி. 2000இல் தொடங்கிய எக்ஸ்கே எஃப்எம் என்ற பொது வானொலி நிலையம் இந்த ஊருக்காக இரண்டு மொழியிலும் ஒலிபரப்புகிறது. ஒரே மொழியின் இரண்டு வழக்குகளாக இருந்திருந்தால் ஒன்றே போதுமே.

இதற்கு நேர் எதிரான நிலைமையும் உண்டு. நமீபியாவில் நாமாக்களும் டமராக்களும் வரலாற்றால் வெவ்வேறு மக்கள். பேசுவது ஒரே மொழி. அங்கே அதை ஏறத்தாழ 2 லட்சம் பேர் பேசுகிறார்கள்; பள்ளியிலும் பல்கலைக்கழகத்திலும் கற்பிக்கிறார்கள்; வானொலி உண்டு. ஆற்றைத் தாண்டி இந்தப் பக்கம் ரிக்டர்ஸ்வெல்டிலும் நமக்வாலாந்திலும் அதே நாமாவைப் பேசுவோர் சில ஆயிரம் பேர்தான். மக்களின் பெயரும் மொழியின் பெயரும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அட்டையில் மக்களுக்கு ஒரு பத்தி, மொழிக்கு ஒரு பத்தி என்று பிரித்து வைத்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

பெரியவர் சொன்ன மூன்று காரணங்களையும் தட்டிக்கழிக்காமல் பார்ப்போம்.

எழுத்து இல்லை என்கிறார். பேச்சுதான் மொழி, எழுத்து அதைப் பதிவுசெய்யும் கருவி. சூலுவும் கோசாவும் எழுத்துக்கு வந்ததே 19ஆம் நூற்றாண்டில்தான். அதற்கு முந்தைய நாள்வரை அவை மொழிகளாக இல்லையா?

நூல் இல்லை என்பது தகவலாகவே சரியில்லை. 1870களில் கேப் டவுன் மோப்ரேயில் வில்ஹெல்ம் பிளீக் என்ற மொழி அறிஞரும் அவர் மைத்துனி லூசி லாய்டும், பிரேக்வாட்டர் சிறையிலிருந்து விடுவித்துக்கொண்டு வந்த, காம் என்ற தூ குடும்பத்துச் சான் மொழியைப் பேசியவர்களைத் தங்கள் வீட்டிலேயே தங்கவைத்து, அவர்கள் சொன்ன கதைகளையும் வழக்கங்களையும் எழுதி எடுத்தார்கள். காபோ என்ற முதியவர் அவர்களில் முதன்மையானவர். பிளீக் 1875இல் இறந்த பிறகும் லாய்டு விடாமல் தொடர்ந்தார். ஏறத்தாழ 12,000 பக்கம் சேர்ந்தது. யுனெஸ்கோ 1997இல் அந்தக் குறிப்பேடுகளை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. காம் மொழிக்குள்ளும் வட்டார வேறுபாடு இருந்தது என்பது அந்தக் குறிப்பேடுகளிலிருந்தே தெரிகிறது. சமவெளிக்காரர்கள் பேச்சு ஒருவிதம், புல்வெளிக்காரர்கள் பேச்சு ஒருவிதம். தனக்குள் கிளைகள் கொண்ட ஒன்றைத்தான் நம் பெரியவர் கிளை என்கிறார்.

காம் மொழியை இன்று பேசுவோர் இல்லை. ஆனால் இந்நாட்டுச் சின்னத்தின் அடியில் உள்ள தேசிய வாசகம் அந்த மொழியில்தான் இருக்கிறது. 2000ஆம் ஆண்டு ஏப்ரல் 27இல் அதை ஏற்றுக்கொண்டார்கள். வேறுபட்ட மக்கள் ஒன்றுசேர வேண்டும் என்பது அதன் பொருள். ஒவ்வொரு அரசுக் கடிதத்தின் தலைப்பிலும் அது வருகிறது. பெரியவரின் கடவுச்சீட்டை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

பேச ஆளில்லை என்ற மூன்றாவது காரணம்தான் என்னை மிகவும் வருத்துகிறது. அதை வேறு யாரும் சொல்லலாம், கடல் கடந்து வந்து மொழியைப் பறிகொடுத்த நாம் சொல்லக் கூடாது.

நூ மொழியை எடுத்துக்கொள்ளுங்கள். (இதை ரோமன் எழுத்தில் எழுதும்போது 'ந்' ஒலிக்கும் 'ஊ' ஒலிக்கும் உரிய எழுத்துகளுக்கு நடுவே ஒரு நேர்க்கோடு வரும், அது பல்லில் நாக்கை வைத்து எழுப்பும் சொடுக்கொலிக்கான எழுத்து.) தூ குடும்பத்தைச் சேர்ந்தது, வடக்கு கேப் மாநிலத்தின் கலஹாரி ஓரத்தில் கோமானி சான் மக்கள் பேசியது. 1970களிலேயே அது அழிந்துவிட்டது என்று கணக்கை முடித்துவிட்டார்கள். கோமானி மக்கள் தங்கள் நிலத்தை மீட்க வழக்காடிக்கொண்டிருந்த 1990களில், எல்சி வால்போய் என்ற மூதாட்டி அந்த மொழியைப் பேசுவது வெளியே தெரியவந்தது. அதன்பின் தேடியபோது இன்னும் இருபதுக்கும் மேற்பட்ட முதியவர்கள் கிடைத்தார்கள். பலர் ஒருவரையொருவர் அறியாமல், வெவ்வேறு பண்ணைகளிலும் நகர ஓரங்களிலும் சிதறிக் கிடந்தார்கள். பண்ணை முதலாளிகள் அந்தப் பேச்சை அசிங்கம் என்று ஏசி ஆப்பிரிக்கான்ஸைத் திணித்திருந்தார்கள். அதனால் பெற்றோர் பிள்ளைகளிடம் அதைப் பேசவில்லை. 1999இல் நிலம் அவர்கள் கைக்கு வந்தது. இந்த இடத்தில் இந்த மக்கள் வாழ்ந்தார்கள் என்பதற்கு, அந்த முதியவர்கள் வாயிலிருந்த ஊர்ப்பெயர்களும் செடிப்பெயர்களும் பெரும் சான்றாக நின்றன. மொழி இல்லை என்று எழுதினால் மக்களே இல்லை என்று சொல்வது எளிது. மக்கள் இல்லை என்றால் நிலத்துக்கு உரிமை கேட்க யார் இருக்கிறார்கள்?

அந்தத் தலைமுறையில் கடைசிவரை நின்றவர் 1933இல் பிறந்த ஔமா (பாட்டி) கத்ரினா இசாவ். அப்பிங்டன் நகரத்து ரோஸ்டேலில் தன் வீட்டிலேயே பிள்ளைகளைக் கூட்டிவைத்து நூ கற்பித்தார். மொழியியலாளர்கள் துணையோடு அதற்கு நெடுங்கணக்கு வந்தது, பாடநூல் வந்தது. பேத்தி கிளாடியா ஸ்னைமனோடு சேர்ந்து ஒரு குழந்தைக் கதைநூலும் கொண்டுவந்தார். 2014இல் நாடு அவருக்குப் பாவோபாப் விருது கொடுத்தது. நூற்றுக்கும் மேற்பட்ட ஒலிகள் கொண்ட மொழி அது. உதட்டைக் குவித்து முத்தமிடுவதுபோல் எழுப்பும் சொடுக்கொலிகூட அதில் உண்டு. உலகில் மிகச் சில மொழிகளிலேயே அந்த ஒலி இருக்கிறது. இந்த நூவுக்குள்ளும் மேற்கு வழக்கு, கிழக்கு வழக்கு என்று இரண்டு இருந்தன. பேசுபவர் எண்ணிக்கை ஒரு மொழியின் நிலைமையைச் சொல்லும். அது மொழியா இல்லையா என்பதைச் சொல்லாது.

இந்த இடத்தில் பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுங்கள். இரக்கப்படும்போது நாம் 'உச்சு' கொட்டுகிறோமே, அந்த ஒலி சூலுவிலும் கோசாவிலும் ஒரு மெய்யெழுத்து. 'சி' என்ற ரோமன் எழுத்தால் எழுதுகிறார்கள். மாட்டை ஓட்டும்போது கன்னத்தின் பக்கவாட்டில் எழுப்பும் ஒலியை 'எக்ஸ்' எழுத்தாலும், அண்ணத்தில் நாக்கைத் தட்டி எழுப்பும் ஒலியை 'க்யூ' எழுத்தாலும் எழுதுகிறார்கள். டர்பன் பிள்ளைகளுக்கு இவை அன்றாடம் காதில் விழும் ஒலிகள். சூலுக்களின் முன்னோர் இவற்றைக் கோய், சான் மக்களிடமிருந்து பெற்றார்கள். வீட்டுக்கு வீடு மணவுறவு, கால்நடைப் பரிமாற்றம் என்று பல நூற்றாண்டு கலந்து வாழாமல் ஒலிகள் இப்படி இடம்மாறுவதில்லை. 2022 கணக்கெடுப்பில் நாட்டு மக்களில் 24.4 சதவீதத்தினர் வீட்டில் பேசும் சூலுவுக்குள் அந்தச் சிறிய மொழிகள் இருக்கின்றன என்று சொல்லுங்கள். ஆனால் மேடையில் சொடுக்கொலிகளை வேடிக்கைக்காகச் செய்துகாட்ட விடாதீர்கள். அப்படிப்பட்ட ஏளனத்தால்தான் நூ பேசியவர்கள் வாய் திறக்க அஞ்சினார்கள்.

இனி உங்கள் மாணவனின் கேள்வி. மிக நல்ல கேள்வி. அவனைப் பாராட்டியதாகச் சொல்லுங்கள்.

அவன் கண்டது உண்மை. சூலு, கோசா, சுவாட்டி, இன்டெபெலே நான்கும் இங்குனி என்ற ஒரே கொத்தைச் சேர்ந்தவை. ஒருவர் பேசுவது மற்றவருக்குப் பெருமளவு புரியும். தொலைக்காட்சித் தொடரில் ஒருவர் சூலுவில் கேட்க மற்றவர் கோசாவில் பதில் சொல்வதை யாரும் வினோதமாகப் பார்ப்பதில்லை. தெற்கு சோத்தோ, ட்சுவானா, செப்பெடி மூன்றும் அதேபோல் இன்னொரு கொத்து. புரிதலை மட்டுமே அளவுகோலாகக் கொண்டால் இவற்றை ஏழு என்று எண்ணாமல் இரண்டு என்றுகூட எண்ணியிருக்கலாம். ஏன் ஏழானது? முதல் காரணம் அச்சுக்கூடம். ஸ்காட்லாந்து மிஷனரிகள் கிழக்கு கேப்பில் தூமி ஆற்றைச் சுற்றி மக்கள் பேசியதை 1820களில் எழுதத் தொடங்கினார்கள்; அது கோசா எழுத்துமொழி ஆனது. நேட்டாலில் அமெரிக்க மிஷனரிகள் வேறு எழுத்துமுறை வைத்தார்கள். 1883இல் சூலு விவிலியம் முழுதாக வந்தது. குருமானில் ராபர்ட் மோஃபட் 1857இல் ட்சுவானா விவிலியத்தை முடித்தார். பசுட்டோலாந்தில் (இன்றைய லெசோத்தோ) பிரெஞ்சுக்காரர்கள், பெடி மக்களிடம் பெர்லின் மிஷன். ஒவ்வொரு சபையும் தான் கால் ஊன்றிய ஊரின் பேச்சைத் தரமாக்கி, பக்கத்துச் சபையோடு கலந்து பேசாமல் எழுத்துக்கூட்டலை முடிவுசெய்தது. சபைகள் வரைந்த கோடுகளைப் பிறகு நிறவெறி அரசு வேலியாக்கிக்கொண்டது. மொழியைக் காட்டி மக்களை 10 'தாயகங்களாக' அடைத்தது. தன் கொள்கைக்குக்கூட அது உண்மையாக இல்லை. கோசா பேசுவோருக்கு டிரான்ஸ்கேய், சிஸ்கேய் என்று இரண்டு.

இந்தப் பிரிவினையை ஆப்பிரிக்கர்களே எதிர்த்தும் பேசினார்கள். ஜேக்கப் இங்லாப்போ 1944இல் இங்குனிக்கு ஒரு பொது எழுத்துமொழி, சோத்தோவுக்கு ஒரு பொது எழுத்துமொழி வேண்டும் என்றார். ராபன் தீவில் சிறையிருந்த நெவில் அலெக்சாண்டர் 1980களில் அதையே திரும்பவும் முன்வைத்தார். மக்கள் ஏற்கவில்லை. அதற்குள் நூறாண்டுப் பாடல், கவிதை, செய்தித்தாள், பள்ளித் தேர்வு எல்லாம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே வளர்ந்திருந்தன. கோசாக்காரர் தன்னைச் சூலுவின் கிளை என்று ஒருநாளும் ஒப்பமாட்டார். அந்த உணர்வையும் மொழியின் பகுதியாகவே நான் மதிக்கிறேன். ஆகவே உங்கள் மாணவனிடம் இப்படிச் சொல்லுங்கள்: ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரிகிறதா என்பது ஒரு கேள்வி. பேசுகிறவர்கள் அதை எப்படிக் கருதுகிறார்கள், அரசும் பள்ளியும் எப்படி நடத்துகின்றன என்பது வேறு கேள்வி. சூலு, கோசா விஷயத்தில் இரண்டுக்கும் விடை வேறுவேறு. குங், க்வே விஷயத்தில் இரண்டு கேள்விக்கும் விடை தனி மொழி என்றுதான் வருகிறது. அப்படியிருந்தும் அவற்றை ஒரே கட்டத்தில் போடச் சொல்கிறார்கள். நெருங்கிய நான்கு மொழிகளுக்கு நான்கு கட்டம், உறவே இல்லாத மூன்று குடும்பங்களுக்கு ஒரு கட்டம். இந்த அநியாயத்தை அந்தப் பையன் புரிந்துகொள்வான்.

ஆப்பிரிக்கான்ஸின் கதையையும் சேர்த்துச் சொல்லலாம். 'சமையலறை டச்சு' என்று ஏளனம் செய்யப்பட்ட பேச்சு அது. அதை உருவாக்கியதில் கோய் வேலைக்காரர்களுக்கும் ஆசியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகளுக்கும் பெரும்பங்கு உண்டு. கேப் முஸ்லிம்கள் அதை அரபு எழுத்தில் எழுதி மதரசாக்களில் பாடம் சொன்னார்கள். 1925இல் ஒரு சட்டம் வந்தது, அது அரசு மொழியானது. அதற்கு முந்தைய நாளும் பிந்தைய நாளும் மக்கள் வாயில் இருந்தது அதே பேச்சுத்தான். அப்படி ஏற்றம் பெற்ற அதுவே, பண்ணைகளிலும் பள்ளிகளிலும் நாமாவையும் நூவையும் வாயடைத்தது.

கிளைமொழி என்ற முத்திரை இன்றும் பிள்ளைகளைக் காயப்படுத்துகிறது. லிம்போபோவில் மழை அரசி மோஜாஜியின் நாட்டு மக்கள் பேசும் கெலொபெடுவைச் செப்பெடியின் கிளை என்று வகைப்படுத்தியிருக்கிறார்கள். பிள்ளை வீட்டில் ஒன்று பேசுகிறது, பள்ளியில் அதுதான் உன் தாய்மொழி என்று சொல்லி வேறொன்றைக் கற்பிக்கிறார்கள். வீட்டுச் சொல்லை எழுதினால் பிழை. பேசுவோர் தனி மொழி என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். இதில் மொழியியலாளர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் அந்தக் குழந்தையின் வீட்டுப் பேச்சைப் பிழையென்று அடிக்க எந்த மொழியியலும் உரிமை கொடுக்கவில்லை.

பெரியவரிடம் இதையெல்லாம் எப்படிச் சொல்வது என்று யோசித்திருப்பீர்கள். அவரோடு வாதாட வேண்டாம். நீலகிரியைப் பற்றிக் கேளுங்கள். கால்டுவெல் 1856இல் திராவிட மொழிகளுக்கு ஒப்பிலக்கணம் எழுதியபோது, தமிழையும் தெலுங்கையும் திருந்திய மொழிகள் என்றும், தோடர், கோத்தர் பேசுபவற்றைத் திருந்தாத மொழிகள் என்றும் பிரித்தார். அவர்களுக்கு எழுத்தில்லை, நூலில்லை என்பதே காரணம். பின்னால் வந்த ஆய்வாளர்கள் அந்த மலையில் ஆண்டுக்கணக்கில் இருந்து கேட்டபோது, தோடர் பாடல்களின் அமைப்பையும் அந்த மொழியின் பழைமையையும் கண்டு வியந்தார்கள். தோடரைத் தமிழின் கிளை என்று இன்று யாரும் சொல்வதில்லை. பேசுவோரோ இரண்டாயிரம் பேர்கூட இல்லை. படுகர்கள் பேச்சை இந்தியக் கணக்கெடுப்பு இன்னும் கன்னடத்துக்குள் சேர்த்தே எண்ணுகிறது. அவர்கள் தங்களுடையது தனி மொழி என்று வாதாடுகிறார்கள். தமிழின் தொன்மையைப் பெருமையாகப் பேசும் ஒருவர், அந்தப் பெருமையைக் கொண்டு பக்கத்து மலைக்காரனின் மொழியை அளக்க வேண்டியதில்லை. அவர் நல்ல மனிதராகத்தான் இருப்பார். நம் தமிழைப் பிடித்துவைக்கப் பாடுபட்ட தலைமுறை அது. அவர்கள் காலத்தில் பள்ளியில் தமிழுக்கு என்ன மரியாதை கிடைத்தது என்று அவரையே பேசவிடுங்கள். அதன்பின் அரசியலமைப்பின் 6ஆம் பிரிவை அவர் கையில் கொடுங்கள்.

1996ஆம் ஆண்டு அரசியலமைப்பில் அந்தப் பிரிவு ஆட்சிமொழிகள் 11ஐப் பட்டியலிடுகிறது. 2023இல் தென்னாப்பிரிக்கச் சைகை மொழி 12ஆவதாகச் சேர்ந்தது. அதே பிரிவின் 5ஆம் உட்பிரிவு, மொழி வாரியம் ஒன்று அமைத்து, கோய், நாமா, சான் மொழிகளை வளர்க்கவும் அவற்றைப் பயன்படுத்தச் சூழல் உருவாக்கவும் வேண்டும் என்கிறது. 'மொழிகள்' என்றே, பன்மையில். அடுத்த வரியில் இந்நாட்டுச் சமூகங்கள் பேசும் பிற மொழிகளுக்கு மதிப்பு உறுதிசெய்ய வேண்டும் என்று வருகிறது: ஜெர்மன், கிரேக்கம், குஜராத்தி, இந்தி, போர்ச்சுகீஸ், தமிழ், தெலுங்கு, உருது. நம் தமிழும் சான் மொழிகளும் ஒரே உட்பிரிவில், ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கின்றன. அவற்றை வளர்க்க வேண்டும் என்கிறது சட்டம், நம்முடையதை மதிக்க வேண்டும் என்கிறது. இந்த மண்ணில் முதலில் இருந்தது அவர்கள் மொழி, அந்த முறை சரியானதே.

அட்டையை அந்தப் பிரிவின் வரிசையிலேயே அமைக்கலாம். மேலே 12 ஆட்சிமொழிகள். சூலு முதலான நான்கையும் ஒரே நிறத்தில் அடுத்தடுத்து, சோத்தோக் கொத்து மூன்றையும் வேறு நிறத்தில். நடுவில் நாமா, நூ, குங், க்வே, நான்குக்கும் நான்கு கட்டம். நாமாவும் க்வேயும் ஒரே நிறம் பெறட்டும், நூவுக்கும் குங்குக்கும் தனித்தனி நிறம். காம் மொழிக்கு நூவின் நிறத்திலேயே ஒரு கட்டம் கொடுத்து, தேசிய வாசகத்தை அதில் எழுதுங்கள். பேசுவோர் இல்லை என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள். கீழே தமிழ், தெலுங்கு, குஜராத்தி முதலியவை. தமிழ்க் கட்டத்துக்குள் பாட்டி வீட்டுப் பேச்சிலிருந்து நாலைந்து சொற்களைப் பிள்ளைகள் கேட்டு எழுதட்டும். நேட்டால் வழக்கு என்று பெயரிட்டே போடுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

'புஷ்மென்' என்ற சொல்லை அட்டையில் தவிருங்கள். சிலர் அதையே தங்களுக்கு வைத்துக்கொள்கிறார்கள் என்றாலும், பலருக்கு அது வசையாகக் கேட்டு வளர்ந்த சொல். கோமானி, குங், க்வே என்று அவரவர் பெயரை எழுதினால் சிக்கலே இல்லை.

ஒரு தொழில்நுட்ப எச்சரிக்கை. குங் என்பதை ரோமன் எழுத்தில் எழுதும்போது முன்னால் வியப்புக்குறி போன்ற ஒன்று வரும். அது வியப்புக்குறி இல்லை, ஓர் எழுத்து. பிள்ளைகள் அதை அச்சுப்பிழை என்று நினைத்து நீக்குவார்கள், இல்லாவிட்டால் சொல்லின் கடைசிக்குத் தள்ளிவிடுவார்கள். நேர்க்கோடு, இரட்டை நேர்க்கோடு, குறுக்குக்கோடு உள்ள கோடு ஆகியவையும் அப்படியே. கணினியில் இவற்றுக்குத் தனி யூனிகோட் குறிகள் உள்ளன. விசைப்பலகையில் இருக்கும் கோட்டையும் வியப்புக்குறியையும் போடாமல் அவற்றையே போடுங்கள். அட்டை அச்சுக்குப் போகும் முன் வரைவை எனக்கு அனுப்பினால் பெயர்களின் எழுத்துகளைச் சரிபார்த்துத் தருகிறேன்.